ஒரு கொட்டகையின் வரலாறு



செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் ராஜகிரியையும் கிருஷ்ணகிரியையும் ஏறி இறங்கிக் களைத்துப்போய்ப் பேருந்து நிலையத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். வடக்கே சிறிது தொலைவில் இருக்கும் எங்கள் சிங்கவரம் குன்றுக்கு வருவோர் சிலரே. பல்லவர் காலத்தில் பாறையைக் குடைந்து அமைத்த கோயிலில் அங்கே அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அவர் முகம் சற்றே திரும்பியிருப்பதற்கு எங்கள் ஊரில் ஒரு காரணம் சொல்லுவார்கள். ஆற்காட்டு நவாபோடு போருக்குப் புறப்பட்ட தேசிங்குராஜன் விடைபெற வந்தானாம். போகாதே என்பதற்கு அடையாளமாகப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அவன் கேட்கவில்லை, போனான், மாண்டான். இது நடந்தது 1714ஆம் ஆண்டில். மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அவன் பெயரும், அவன் குதிரையின் பெயரும், நண்பன் பெயரும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் நாவில் நிற்கின்றன. கோட்டைக்குக் காவல் உண்டு. அறிவிப்புப் பலகை உண்டு. 2025ஆம் ஆண்டில் மராத்தியர் ஆண்ட பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக அது உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றுவிட்டது. கல்லுக்குக் குறைவில்லை.

ஆனால் இன்று நான் பேசப்போவது கோட்டையைப் பற்றியன்று, கொட்டகையைப் பற்றி. அதுவும் எங்கள் ஊர்க் கொட்டகை அன்று, கோயம்புத்தூர்க் கொட்டகை. இதற்கு என்னைத் தூண்டியது என் பழைய மாணவர் ஒருவரின் கேள்வி. அவர் கோவையில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, இங்கே வெரைட்டி ஹால் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. அந்தப் பெயரில் காவல் நிலையமும் இருக்கிறது. ஆனால் ஹால் எங்கே என்று கேட்டால் கடைக்காரர்கள் விழிக்கிறார்கள். அது எங்கே ஐயா?" என்றார்.

எனக்கு விடை தெரியும். தெரிந்திருந்தும் சட்டென்று சொல்ல நா எழவில்லை. அதன் காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

வெரைட்டி ஹால் என்பது 1914ஆம் ஆண்டில் கட்டிய படக் கொட்டகை. பிற்காலத்தில் டிலைட் தியேட்டர் என்று பெயர் மாறியது. நூற்றாண்டு கடந்து நின்ற அந்தக் கட்டடம் 2023ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. அதைக் கட்டியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். தென்னாட்டில் திரைப்படம் வேரூன்றிய கதையைச் சொல்ல வேண்டுமானால் அந்த மனிதரிலிருந்து தொடங்குவதே முறை.

வின்சென்ட் 1883ஆம் ஆண்டில் கோவைக் கோட்டைமேட்டில் பிறந்தவர். திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய ரயில்வே அலுவலகத்தில் வரைபடம் வரையும் எழுத்தராக இருந்தார். 1905ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் படக்கருவியும் சில படச்சுருள்களும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் காட்சி நடத்தி வந்தார். திருச்சிக்கு வந்த இடத்தில் அவருக்கு உடல்நலம் கெட்டது. நாடு திரும்ப வேண்டிய நிலை. கருவியையும் சுருள்களையும் விற்றுவிட விரும்பினார். வின்சென்ட்டுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. எப்படியோ பணம் திரட்டி, 2,250 ரூபாய்க்கு அவற்றை வாங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். அரசாங்கத்தில் சிறிய வேலை பார்ப்போர் சில ரூபாய்த் தாள்களை எண்ணி மாதத்தைக் கடத்திய காலம் அது என்பதை நினைத்துக்கொண்டால்தான் இந்தத் தொகையின் கனம் விளங்கும். ரயில்வே உத்தியோகத்தை உதறிவிட்டு இப்படிப் புறப்பட்ட பிள்ளையைப் பற்றி உறவினர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் பேசுவார்கள்.

அவர் வாங்கிய சுருள்களுள் ஏசுநாதர் வாழ்க்கையைக் காட்டும் படம் ஒன்று. அந்தக் காலத்துப் படங்கள் இன்றைய படங்களைப்போல நீளமானவை அல்ல. ரயில் வருவது, தொழிலாளர் ஆலையைவிட்டு வெளியேறுவது, யாரோ ஒருவர் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சுவது போன்ற சில நிமிடக் காட்சிகள். பாரிசில் லூமியேர் உடன்பிறந்தார் 1895 டிசம்பரில் கட்டணம் வாங்கிப் படம் காட்டினார்கள். அடுத்த ஆண்டு ஜூலையிலேயே பம்பாய் வாட்சன் ஓட்டலில் அப்படங்கள் ஓடின. புதுமை என்பது கப்பலேறி விரைவாகவே வந்துவிட்டது. ஆனால் பம்பாய் ஓட்டலுக்கு வந்த புதுமை உடுமலைக்கும் உறையூருக்கும் வரவேண்டுமானால் அதைத் தோளில் தூக்கிவர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் வின்சென்ட்.

கூடாரம் அடிப்பது, பகலில் வண்டியில் மேளம் முழங்கத் துண்டுத்தாள் வழங்குவது, இருட்டியதும் படம் காட்டுவது, சில நாள் கழித்துக் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவது. இதுவே அவர் தொழில். 1909ஆம் ஆண்டில் சென்னை எஸ்பிளனேடு மைதானத்திலும் கூடாரம் போட்டார். இந்தியாவுக்கு வெளியே ரங்கூன், சிங்கப்பூர் வரை சென்றார். பிரான்சு நாட்டுப் பாத்தே நிறுவனத்தின் படக்கருவிகளைத் தென்னாட்டில் விற்கும் முகவராகவும் ஆனார். அவரிடம் கருவி வாங்கிய பலர் தாமும் கூடாரம் தூக்கினார்கள். ஒருவர் நட்ட கன்று பல தோட்டங்களுக்குப் பதியன் கொடுத்தது.

ஊர் சுற்றி வாழ்ந்தவர் ஏன் 1914இல் சுவர் எழுப்பினார்? மாணவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். கட்டடம் கட்டினார் என்று சொல்லிவிட்டுப் போவது வரலாறு ஆகாது.

முதற்காரணம் நெருப்பு. அந்தக் காலத்துப் படச்சுருள் செல்லுலாய்டு என்னும் பொருளால் ஆனது. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி அதை ஆக்குவார்கள். வெடிபஞ்சு என்று போர்ப்படையினர் சொல்லும் பொருளுக்கு அது நெருங்கிய உறவு. தீப்பற்றினால் அணைப்பது அரிது. காற்றை மறித்தாலும் தன்னிடமுள்ள ஆக்சிஜனைக் கொண்டே எரியும். அதன் எதிரிலே கொதிக்கும் விளக்கு. மின்சாரம் இல்லாத ஊர்களில் சுண்ணாம்புக் கட்டியின்மீது எரிவாயுச் சுடரைப் பாய்ச்சி ஒளியுண்டாக்குவார்கள். மின்சாரம் வந்த இடங்களில் இரண்டு கரிக்கோல்களின் முனைகளுக்கிடையே மின்பொறியை நிறுத்துவார்கள். நொடிக்குப் பதினாறு படம் என்ற கணக்கில் சுருள் ஓடிக்கொண்டிருக்கும்வரை அச்சமில்லை. சிக்கி நின்றுவிட்டால் விளக்கின் வெப்பம் ஒரே இடத்தில் விழும். பாரிசில் 1897 மே மாதம் அறக்கொடைச் சந்தை ஒன்றில், படக்கருவி விளக்கின் ஈதர் ஆவியில் பற்றிய தீ நூற்றிருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதன்பின் பல நாடுகளில் படம் காட்டும் இடத்துக்குச் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் 1918ஆம் ஆண்டுச் சினிமாச் சட்டம், உரிமம் இல்லாத இடத்தில் படம் காட்டலாகாது என்று விதித்தது. படக்கருவிக்குத் தனியறை, தீப்பற்றாத சுவர், ஒளி செல்வதற்கு மட்டும் சிறு துளை. நீங்கள் எந்தப் பழைய கொட்டகைக்குச் சென்று திரும்பிப் பார்த்தாலும் தலைக்குமேலே தெரியும் அந்தச் சிறு சதுரத் துளைகள் அழகுக்காக வைத்தவை அல்ல.

இரண்டாவது காரணம் மின்சாரம். இன்று பொத்தானை அழுத்தும் நமக்கு இது வியப்பாக இருக்கும். பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டில்தான் இயங்கத் தொடங்கியது. அதன்பிறகே கோவை ஆலைகளுக்கு மின்சாரம் தாராளமாகக் கிடைத்தது. அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்குமுன் கொட்டகை கட்டியவர் மின்சாரத்துக்கு எங்கே போவார்? தாமே ஆக்கிக்கொண்டார். எண்ணெயில் இயங்கும் எஞ்சினை நிறுவி மின்சாரம் எடுத்தார். எஞ்சின் இரவில் மட்டும் வேலை செய்தால் கட்டுப்படியாகுமா? அதனால் மின்விசையால் ஓடும் அச்சகம் வைத்தார். அரிசி, மாவு ஆலை வைத்தார். கோவை மக்கள் மின்விளக்கை முதன்முதல் நன்றாகக் கண்டது இவருடைய முயற்சியால்தான் என்று அந்நகரின் வரலாற்றை எழுதுவோர் குறிப்பிடுவார்கள். கூடாரத்தில் எஞ்சினை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைய முடியாது. எஞ்சின் வேர்விட்டதும் கொட்டகையும் வேர்விட்டது.

ஆகவே வெரைட்டி ஹாலைப் பொழுதுபோக்குக்குக் கட்டிய கூடம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரே மனிதரின் கையில் படம், மின்சாரம், அச்சு, மாவு நான்கும் ஒரு கயிற்றில் கோத்துக் கிடந்தன. பருத்தியும் பஞ்சாலையும் கோவையை வளர்த்தன என்று பாடநூலில் படிக்கிறீர்கள். அதில் பொய்யில்லை. ஆயினும் ஆலையில் நாள் முழுதும் நின்றவன் மாலையில் எங்கே போய் அமர்ந்தான் என்பதும் நகர வரலாற்றின் ஒரு பகுதிதான்.

இங்கே ஒரு தகராற்றைத் தீர்க்க வேண்டும். அல்லது தீர்க்க முடியாது என்றாவது சொல்ல வேண்டும். "தென்னிந்தியாவின் முதல் திரையரங்கு வெரைட்டி ஹால்" என்று பலர் எழுதுகிறார்கள். சென்னைக்காரர்கள் ஒப்பமாட்டார்கள். மவுண்ட் ரோட்டில் வார்விக் மேஜர் என்னும் ஆங்கிலேயர் 1913ஆம் ஆண்டிலேயே எலெக்ட்ரிக் தியேட்டரைத் திறந்தார். அதற்கும் முன்னால் 1911இல் பிராட்வே பகுதியில் குளுக் அம்மையார் என்பவர் பயாஸ்கோப்பு நடத்திச் சில மாதங்களில் மூடினார். நிழற்படக் கலைஞராயிருந்த ரகுபதி வெங்கையா ரவுண்டு டாணா அருகே கெயிட்டி தியேட்டரைக் கட்டியதும் 1914ஐ ஒட்டியே. அப்படியானால் யார் முதல்வர்? கட்டடம் நிலையானதா, வாடகைக் கூடமா? கட்டியவர் இந்தியரா, அயலவரா? சில மாதம் நடந்ததைக் கணக்கில் சேர்ப்பதா? கேள்வியை மாற்றினால் விடையும் மாறும். "முதல்" என்ற சொல்லைக் கண்டால், எதில் முதல் என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள். வெரைட்டி ஹாலுக்கு அந்தப் பட்டம் இல்லாமற் போனாலும் பெருமை குறையாது. தலைநகருக்கு வெளியே, மாவட்ட நகரம் ஒன்றில், ஊர்க்காரர் ஒருவர் நிலையான கொட்டகை கட்டினார். அதுவே போதும்.

தொடக்கத்தில் ஓடியவை ஊமைப்படங்கள். ஊமை என்று பெயரேயொழியக் கொட்டகையில் அமைதி இராது. திரையருகே வாத்தியக்காரர்கள் அமர்ந்து வாசிப்பார்கள். திரையில் தோன்றும் எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஒருவர் நின்று கதையை உரக்க விளக்குவார். எழுத்தறியாதவரே மிகுதியாயிருந்த காலத்தில் அவர் இல்லாவிட்டால் பாதிக்கூட்டம் எழுந்து போயிருக்கும். அந்த விளக்குநர்களின் பெயர்கள் பெரும்பாலும் ஏட்டில் ஏறவில்லை. ஓர் ஆசிரியன் என்ற முறையில் எனக்கு அவர்கள்மேல் ஒரு பரிவு உண்டு. அவர்கள் செய்ததும் எங்கள் வேலையே.

1931 அக்டோபர் 31ஆம் நாள் சென்னைக் கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளிவந்தது. பேசும் படக் காலம் பிறந்தது. விளக்குநரும் வாத்தியக்காரரும் வேலையிழந்தார்கள். புதுக்கருவி மனிதனை வெளியேற்றும் கதை இன்று நேற்றுத் தொடங்கியதன்று. வின்சென்ட் காலத்தை அறிந்து நடந்தார். படம் காட்டியவர் படம் எடுக்கவும் துணிந்தார். தெற்கே ஒலிப்பதிவுக் கூடம் அப்போது இல்லை. ஆகவே கல்கத்தாப் பயனீர் நிறுவனத்தோடு கூடி 'வள்ளி திருமணம்' என்னும் படத்தை எடுத்து 1933இல் வெளியிட்டார். 'காளிதாஸ்' படத்தில் நடித்த டி. பி. ராஜலட்சுமியே வள்ளியாக நடித்தார். படம் நன்றாக ஓடியது. தமிழ் பேசும் படம் எடுக்கத் தமிழர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறுவதா என்ற எண்ணம் கோவையில் எழுந்தது. 1930களின் நடுவில் சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டுடியோ தோன்றியது. தோற்றுவித்தவர்களுள் வின்சென்ட்டும் ஒருவர். பிற்காலத்தில் எம். ஜி. ராமச்சந்திரன் கதாநாயகனாக நடித்த முதற்படமான 'ராஜகுமாரி' 1947இல் வெளிவந்தது. அது உருவானதும் அந்த ஸ்டுடியோவில்தான். வின்சென்ட் அதைக் காண இல்லை. 1942ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்டார்.

அவர் மறைவுக்குப்பின் கொட்டகை எண்பது ஆண்டு நின்றது. அந்த எண்பது ஆண்டின் கதை மற்றக் கொட்டகைகளின் கதையைப் போன்றதே. ஆகவே விரைந்து சொல்லிவிடுகிறேன். நகரத்தில் பெரிய, புதிய அரங்குகள் எழுந்தன. புதுப்படங்கள் அங்கே போயின. சென்னையில் 1975ஆம் ஆண்டு தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் ஒளிநாடா வந்து வீட்டுக் கூடமே கொட்டகையாயிற்று. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் படச்சுருளே ஒழிந்து கணினிவழிப் படக்காட்சி வந்தது. அந்தக் கருவியை வாங்கப் பழைய கொட்டகைகளுக்கு வசதி இல்லை. இவை எல்லாவற்றையும்விட வலிமையான ஒன்று கொட்டகையின் அடியிலேயே இருந்தது. அதுதான் நிலம். நகரின் நடுவே ஒரு பெரிய மனை, நாளுக்குச் சில காட்சி நடத்தி ஈட்டும் பணத்தைவிட, கடைகளாகப் பிரித்துவிட்டால் பன்மடங்கு ஈட்டும். உடைமையாளரை நொந்து பயனில்லை. அவர் வரி கட்ட வேண்டும்; ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டும். வரலாறு என்று சொல்லி வாழ்த்திவிட்டுப் போகும் நாம் ஓட்டுக்குக் காசு கொடுப்பதில்லை.

மதுரையில் 1952 தீபாவளிக்குப் 'பராசக்தி' படத்தோடு திறந்த தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர் மார்தட்டிய கொட்டகை, இன்று இல்லை. அந்த மனையில் ஜவுளிக்கடை நிற்கிறது. ஒரே கட்டடத்துக்குள் மூன்று அரங்குகளைக் கொண்டு 1964இல் சென்னையில் எழுந்த சபையர் இல்லை. வெங்கையாவின் கெயிட்டியும் இல்லை.

ஆனால் ஒரு வேடிக்கை. 1913இல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் இருக்கிறது! அது படக் கொட்டகையாக நடந்தது இரண்டே ஆண்டு. நட்டப்பட்டு மூடியது. 1915இல் தபால் இலாகா அதை வாங்கிக்கொண்டது. அண்ணா சாலைத் தலைமைத் தபால் நிலைய வளாகத்தில், தபால்தலை சேகரிப்போர் நாடும் இடமாக அது விளங்கி வருகிறது. நூறாண்டு தொழில் நடத்திய கொட்டகை போயிற்று; இரண்டாண்டில் தோற்ற கொட்டகை நிலைத்தது. ஏன்? தோற்றதனால் அது அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. வென்றதனால் வெரைட்டி ஹால் கடைசிவரை வாணிகத்தின் கையிலேயே இருந்தது. சுவரின் வலிமைக்கும் கட்டடத்தின் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைவிட, அது யார் கையில் இருக்கிறது என்பதற்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பே பெரிது.

பழைமைச் சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத கட்டடங்களைக் காக்க வழி செய்கிறது. வெரைட்டி ஹாலுக்கு 2014இல் நூறு நிறைந்தது. எனினும் வயது வந்துவிட்டதாலேயே காவல் வந்துவிடாது. அரசாங்கம் தனியே அறிவிக்க வேண்டும். அரசன் கட்டிய மதிலை அறிவிக்க நமக்குத் தயக்கமில்லை. ரயில்வே எழுத்தர் கட்டிய கொட்டகையைக் கண்டால் நம் கண்ணுக்கு அது சின்னமாகத் தெரிவதில்லை. நம் என்று நான் சொல்வதில் என்னைத்தான் முதலில் சேர்க்கிறேன்.

முன்பு தயங்கிய செய்தியை இப்போது சொல்லிவிடுகிறேன். 1992ஆம் ஆண்டு ஆசிரியர் பயிற்சி வகுப்பு ஒன்றுக்காகப் பத்து நாள் கோவையில் தங்கினேன். நான் வரலாற்று ஆசிரியன். பயிற்சியும் வரலாறு கற்பிக்கும் முறை பற்றியதே. மாலைதோறும் டவுன்ஹால் பக்கம் நடந்து, அந்தச் சாலை வழியாகவே தங்குமிடம் திரும்புவேன். கொட்டகை நின்றது. சுவரொட்டி இருந்தது. பத்து நாளில் ஒருநாள்கூட நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பேரூர்க் கோயிலுக்குப் போய்ச் சிற்பங்களைக் குறித்துக்கொண்டு வந்தேன். சாலையின் பெயர் ஏன் அப்படி என்று என் மாணவர் சில மாதத்தில் கேட்ட கேள்வி, எனக்குப் பத்து நாளில் தோன்றவில்லை. வின்சென்ட்டின் கதையைப் படித்தறிந்தது பல ஆண்டுகள் கழித்து. பார்க்கப் போகலாம் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

இனி, இல்லாத கொட்டகையின் வரலாற்றை எப்படித் தேடுவது? உங்களுள் சிலர் இதைச் செய்ய வேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறேன். சாலைப் பெயரும் பேருந்து நிறுத்தப் பெயரும் முதற்சான்று. கட்டடம் போன பின்பும் நடத்துநர் வாயில் பெயர் நிற்கும். படக் கொட்டகைக்கு உரிமம் கட்டாயமாதலால் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கோப்புகளில் தடம் இருக்கும். பழைய செய்தித்தாள்களின் விளம்பரம் எந்தக் கிழமை எந்தப் படம் ஓடியது என்று காட்டும். காட்சியின்போது விற்ற பாட்டுப் புத்தகங்களைப் பழைய காகிதக் கடையில் கிலோக் கணக்கில் போடுகிறார்கள். அவற்றின் பின்னட்டையைப் பாருங்கள். 1927இல் அரசாங்கம் டி. ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு குழு அமைத்து, நாடெங்கும் படத் தொழிலாளரையும் கொட்டகைக்காரரையும் விசாரித்தது; அவர்கள் அளித்த வாக்குமூலங்கள் தொகுதிகளாக அச்சாகியிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரோடிருப்போரைக் கேளுங்கள். கோப்பு காத்திருக்கும். கருவி ஓட்டிய பெரியவர் காத்திருக்க மாட்டார்.

எங்கள் பக்கத்திலே கற்கட்டடக் கொட்டகைகளைவிட டூரிங் டாக்கீசுகளே மிகுதி. கீற்றுக் கூரை, மணல் தரை, குறித்த காலத்துக்கு மட்டும் உரிமம். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்ந்தால் முன்னிருப்பவர் தலை மறைக்காது, பின்னிருப்பவர் அதட்டுவார். 1960இல் வந்த 'ராஜா தேசிங்கு' படத்தை நான் அப்படியொரு கொட்டகையில் சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தேன். சிங்கவரத்திலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போனோம். படம் முழுவதும் எங்கள் குன்றைத் திரையில் தேடினோம். கண்டோம் என்று சிலரும், காணவில்லை என்று சிலரும் திரும்பும் வழியெல்லாம் வழக்காடினார்கள். என் பாட்டி மட்டும், பெருமாள் போகாதே என்றபோது அவன் கேட்டிருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

2005ஆம் ஆண்டு, அந்தக் கொட்டகை எப்போது மூடியது என்று கண்டுபிடித்து வரும்படி ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அனுப்பினேன். இடம் முள் மண்டிக் கிடந்தது. கருவியறையின் செங்கல் அடித்தளம் மட்டும் முழங்கால் உயரத்துக்கு இருந்தது. பிள்ளைகள் அதை அடிக்கோலால் அளந்தார்கள். கருவி ஓட்டிய பெரியவர், ஒரு புயல் கூரையைத் தூக்கிய ஆண்டில் மூடியதாகச் சொன்னார். நுழைவுச்சீட்டு விற்றவர், புயலுக்குப்பின் மீண்டும் கீற்று வேய்ந்து மூன்று ஆண்டு நடந்தது என்றார். எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த அம்மையார், ஊராட்சிக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்த அன்றே தம் வியாபாரம் படுத்துவிட்டது, கொட்டகை என்று மூடினால் என்ன என்றார். எதை எழுதுவது என்று பிள்ளைகள் கேட்டார்கள். மூன்றையும், சொன்னவர் பெயரோடும் கேட்ட நாளோடும் எழுதச் சொன்னேன். அந்தக் குறிப்பேடு இன்றும் என்னிடம் இருக்கிறது. சொன்ன மூவரும் இப்போது இல்லை.

கோவை மாணவருக்கு ஒரு கடிதமாகவே விடை எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தச் சாலைக்குப் போய், பெயர்ப்பலகையைப் படமெடுத்து அனுப்பினார். கூடவே ஒரு குறிப்பு: பழைய கடைக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டாராம், சிறு வயதில் அங்கே படம் பார்த்தவராம், வரும் வாரம் உட்கார்ந்து பேசச் சம்மதித்திருக்கிறாராம். என்னென்ன கேட்க வேண்டும் என்று பட்டியல் அனுப்பும்படி எழுதியிருந்தார். நுழைவுச்சீட்டின் விலை, இருக்கைகளின் வகை, பெண்களுக்குத் தனி வாயில் இருந்ததா, எஞ்சின் அறை எந்தப் பக்கம் என்று தொடங்கி இருபது கேள்விகள் எழுதி அஞ்சலில் சேர்த்திருக்கிறேன்.